ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒரு கிளிக்கூண்டு: பறவைக் காய்ச்சல் தடைக்காலத்தில் வளர்ப்புப் பறவைகளைக் காப்பது எப்படி?

2020 மார்ச்சில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் வேங்கேரி, கொடியத்தூர் ஆகிய இரண்டு இடங்களில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த பறவைகளைக் கொல்லப் பாதுகாப்பு உடை அணிந்த குழுக்கள் வீடு வீடாகப் போயின. கோழியும் வாத்தும் மட்டுமல்ல, கூண்டில் வளர்ந்த அலங்காரப் பறவைகளும் அந்தக் கணக்கில் வந்தன. சிலர் பறவைகளை ஒளித்துவைத்தார்கள். அதிகாரிகள் மறுபடியும் தேடிப் போக வேண்டியிருந்தது.

ஆலப்புழையிலோ கோட்டயத்திலோ பறவைக் காய்ச்சல் என்று செய்தி வரும்போதெல்லாம், பறவை வளர்ப்பவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என் லவ் பேர்ட்ஸ் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. கோழிப் பண்ணை எங்கேயோ இருக்கிறது. இதை ஏன் கொல்ல வேண்டும்?" கேள்வி நியாயமானது. பதிலைப் புரிந்துகொள்ள, முதலில் அரசு சொல்லும் சொற்களுக்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும்.

சொற்களும் வட்டங்களும்

பறவைக் காய்ச்சல் என்பது இன்ஃப்ளுயென்சா வைரஸின் வேலை. அந்த வைரஸில் பல வகைகள் உண்டு. கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்பவை எச்5என்1, எச்5என்8 போன்றவை. இந்தியாவில் இது முதன்முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். 2021 ஜனவரியில் கேரளம் இதை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது.

நோய் உறுதியானதும் அரசு இரண்டு வட்டங்கள் போடும்.

1. நோய்த்தொற்று மண்டலம்: நோய் கண்ட இடத்தை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் தூரம் வரை. இங்குள்ள வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்படும்.

2. கண்காணிப்பு மண்டலம்: அதற்கு வெளியே, பத்து கிலோமீட்டர் வரை. இங்கே பறவைகளைக் கொல்வதில்லை. ஆனால் விற்பது, வாங்குவது, இடம் மாற்றுவது ஆகியவற்றுக்குத் தடை வரும். மாதிரிகள் எடுத்துச் சோதிப்பார்கள்.

செய்திகளில் "ஒரு கிலோமீட்டர் சுற்றளவு" என்று எழுதுகிறார்கள். உண்மையில் அது ஆரம். மையத்திலிருந்து எந்தத் திசையில் அளந்தாலும் ஒரு கிலோமீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நகரத்தில் இதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் அடங்கிவிடும்.

இதற்கெல்லாம் சட்ட அடிப்படை, விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுக்க 2009இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே தெரிவிக்கும் கடமையை அது உரிமையாளர்மேல் வைக்கிறது. தடைப்பகுதியிலிருந்து விலங்குகளை வெளியே கொண்டுபோவதையும் தடுக்கிறது.

கூண்டை விட்டு வெளியே போகாத பறவைக்கு நோய் எப்படி வரும்?

பறவை வெளியே போக வேண்டியதில்லை. வைரஸ் உள்ளே வந்தால் போதும். நோயுற்ற பறவையின் எச்சத்திலும் எச்சிலிலும் மூக்குச் சளியிலும் வைரஸ் ஏராளமாக இருக்கும். எச்சத்துக்குள் அது 4 டிகிரி குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடிருக்கும். 37 டிகிரி வெப்பத்திலும் ஆறு நாள் தாங்கும். நம் ஊர் வெயில் ஓரளவு துணைதான். ஆனால் நிழலான, ஈரமான மூலையில் அந்தத் துணை கிடையாது.

கோழிக்கடைக்குப் போய்வந்த செருப்பு, முட்டை அட்டை, இரவல் வாங்கிய கூண்டு, பண்ணையிலோ சந்தையிலோ அடுக்கி வைத்திருந்த தீவனச் சாக்கு, கோழி நறுக்கிய கையைக் கழுவாமல் தினை போடுவது, காகமும் மைனாவும் வந்து உட்காரும் பால்கனிக் கம்பி என்று வைரஸுக்கு வழிகள் பல. காகத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பறவைக் காய்ச்சல் முதலில் தெரியவந்ததே காகங்கள் செத்து விழுந்ததால்தான். அதே நாட்களில் இமாச்சலத்தின் போங் அணைப் பகுதியில் வலசை வந்த வாத்தினப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறந்தன.

ஆக, "என் பறவை வெளியே போகவில்லை" என்று சொல்வது பாதி பதில்தான். வெளியிலிருந்து எதுவும் அதனிடம் வரவில்லை என்று காட்ட முடிந்தால்தான் பதில் முழுமையாகும். அதை எப்படிக் காட்டுவது என்பதை இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் பார்ப்போம்.

"பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?"

துடிப்பாகக் கத்திக்கொண்டிருக்கும் கிளியைப் பார்த்தும் அதிகாரிகள் நம்பாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு.

2004 அக்டோபரில் பாங்காக்கிலிருந்து பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒருவரின் கைப்பையில் இரண்டு கழுகுகள் பிடிபட்டன. துணியில் சுற்றி, கூடைக் குழாய்களுக்குள் திணித்திருந்தார்கள். நோய் அறிகுறி எதுவும் வெளியே தெரியவில்லை. சோதித்தால் எச்5என்1. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், இறக்குமதிப் பறவைகளை அடைத்து வைக்கும் தனிமைக் கூடத்தில், தைவானிலிருந்து வந்த சிறு பாடும் பறவைகள் வரிசையாக இறந்தன. அதுவும் எச்5என்1. அதோடு ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவை இறக்குமதிக்குக் கதவை அடைத்தது.

கிளிகளைப் பற்றிய சந்தேகம் இன்னும் பழையது. அது வேறொரு நோயிலிருந்து வருகிறது. நம் ஊரில் கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் எல்லோருக்கும் தெரியும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, இரண்டு நாளில் கூடையே காலியாகும். அதற்கு உலகப் பெயர் நியூகாசில் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகே கண்டறிந்ததால் அந்தப் பெயர். அடுத்த ஆண்டே இமயமலை ஊரான ராணிகேத்தில் தெரியவந்ததால் இந்தியாவில் ராணிகேத் நோய் என்றார்கள். இந்த வைரஸ் புகுந்த அமேசான் கிளிகள் சில, நோயே இல்லாதவை போல இருந்துகொண்டு ஓராண்டுக்கு மேல் எச்சத்தில் வைரஸை வெளியேற்றியிருக்கின்றன. 1971இல் கலிபோர்னியாவில் இந்த நோய் பரவியபோது அதைக் கொண்டுவந்தவை தென் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கிளிகள்தான். அதை ஒழிக்கச் சுமார் 1 கோடியே 20 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. பெரும்பாலும் முட்டைக் கோழிகள்.

சோதனை செய்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். "இல்லை" என்று முடிவு வந்தால், மாதிரி எடுத்த அன்றைக்கு வைரஸ் வெளியேறவில்லை என்றுதான் பொருள். நேற்று தொற்றியிருந்தால் அதில் தெரியாது. உலக விலங்கு சுகாதார அமைப்பு இந்த நோயின் அடைகாலத்தை, அதாவது வைரஸ் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும் வரையான காலத்தை, 14 நாள் என்று வைத்திருக்கிறது. அதனால் ஒரு பறவையை நம்பிக்கையோடு விடுவிக்க வேண்டுமானால், அடைத்து வைத்து, இடைவெளி விட்டு இரண்டு முறையாவது சோதிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள வட்டத்தில், நோய் பரவிக்கொண்டிருக்கும் வாரத்தில், கால்நடைத் துறைக்கு இது பெரிய சுமை. அழிப்பு ஒரே நாளில் முடிகிறது.

மற்ற இடங்களில் வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கொண்டுவந்து 2021 வரை நடப்பில் இருந்த பறவைக் காய்ச்சல் ஆணையிலேயே விலக்கு எழுதியிருந்தது. வணிக நோக்கமில்லாத சிறு வளர்ப்பு, உயிரியல் பூங்கா, அலங்காரப் பறவைக் கடை, அரிய இனங்கள் ஆகியவற்றை, நோய்க்கட்டுப்பாட்டுக்குக் குந்தகம் வராது என்றால் கொல்லாமல் விடலாம் என்றது. பதிலுக்கு அவற்றை அடைத்துவைத்துச் சோதனைக்கு உட்படுத்த வேண்டியிருந்தது. பிரிட்டனில் நோய் கண்ட இடத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் பாதுகாப்பு மண்டலம் போடுகிறார்கள். அந்த மண்டலத்துக்குள் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பறவையைக் கொல்வதில்லை. நோய் கண்ட வளாகம்தான் இலக்கு. சுற்றியுள்ளவர்களுக்கு அடைப்பு ஆணையும் கண்காணிப்பும்.

அங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் வீட்டுக்குள்ளேயே, வெளியே விடாமல் வளர்க்கும் கிளிக்கும் பட்ஜிக்கும் கேனரிக்கும் பதிவு தேவையில்லை. அதாவது வளர்க்கப்படும் இடத்தை வைத்தே சட்டம் பறவைகளைப் பிரிக்கிறது. வெளிக்காற்றும் காட்டுப் பறவையும் எட்டாத இடத்தில் இருந்தால் அது வேறு வகை.

பறவைக் காய்ச்சலுக்கான இந்தியாவின் செயல்திட்டம் நாட்டுக்கோழியும் வாத்தும் தெருவிலும் வயலிலும் ஒன்றாக மேயும் கிராமத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துப் பட்டிகளுக்கு அது பொருந்தும். நான்காவது மாடியில், வலையடித்த அறைக்குள் இருக்கும் காக்கடைல் கிளிக்கும் அதே அளவுகோல் என்பது சரியில்லை. வீட்டுக்குள் மட்டும் வளரும் பறவைகளுக்கு அடைப்பு, இருமுறைச் சோதனை என்ற தனிவழியை நம் விதிகளிலும் எழுத முடியும். சோதனைச் செலவை உரிமையாளரிடமே வாங்கினாலும் பலர் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள்.

ஒளிப்பதும் கடத்துவதும் ஏன் மோசமான வழி?

விதி கடுமையாக இருக்கும்போது, இரவோடு இரவாகக் கூண்டைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். அதன் விளைவை மறுபடியும் கலிபோர்னியாவில் பார்க்கலாம்.

2002 இலையுதிர் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வீட்டுக் கொல்லைகளில் வளர்த்த சண்டைச் சேவல்களிடம் நியூகாசில் நோய் தெரியவந்தது. தடை போட்டார்கள். ஆனால் சேவல்கள் கைமாறிக்கொண்டும் ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டும் இருந்தன. 2003 ஜனவரியில் நெவாடாவிலும், பிப்ரவரியில் அரிசோனாவிலும், ஏப்ரலில் டெக்சாஸிலும் நோய் முளைத்தது. பெரிய முட்டைப் பண்ணைகளுக்குள்ளும் புகுந்தது. அடங்கும்போது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டிருந்தன. அரசுக்குச் செலவு 16 கோடி டாலரைத் தாண்டியது. கொல்லப்பட்டவற்றில் வீட்டுச் செல்லப் பறவைகளும் ஏராளம்.

ஒரு வட்டத்திலிருந்து நோயைத் தாங்கிய ஒரு கூண்டு வெளியேறினால், அது போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு வட்டம் போட வேண்டியிருக்கும். அங்கே இருக்கும் அத்தனை வீட்டுப் பறவைகளும் அதற்குள் வந்துவிடும். கொண்டுபோனவருக்கும் நன்மை இல்லை. பிடிபட்டால் சட்டம் ஒருபக்கம். அந்தப் பறவைக்கு விலக்குக் கேட்கும் தகுதியே போய்விடுவது இன்னொரு பக்கம்.

செய்ய வேண்டியவை: தடை வருமுன்

பறவையைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி நோய்ச் செய்தி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. கூண்டைப் பால்கனியிலிருந்து உள்ளறைக்குக் கொண்டுவாருங்கள். சன்னலுக்குக் கொசுவலையாவது அடியுங்கள். சிட்டுக்குருவி நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. மேலே இருந்து எச்சம் விழாதபடி கூரை இருக்க வேண்டும்.

2. பறவை அறைக்கென்று ஒரு செருப்பு. வெளிச்செருப்பு அந்த வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பாலான உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும்.

3. தினையையும் கம்பையும் மூடிய டப்பாவில் வையுங்கள். மொட்டை மாடியில் காயவைத்ததைப் போடாதீர்கள். குளத்து நீரும், மூடாத தொட்டி நீரும் வேண்டாம்.

4. கோழி வளர்க்கும் வீட்டிலோ பண்ணையிலோ வேலை செய்பவர் பறவையைத் தொட வேண்டாம். ஒரே வீட்டில் கொல்லையில் கோழியும் உள்ளே கிளியும் இருந்தால், முதலில் கிளிக்குத் தீனி வைத்துவிட்டு, அப்புறம் கோழியிடம் போங்கள். வரிசை மாறக் கூடாது.

5. சென்னைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் வாங்கிய புதுப் பறவையை ஒரு மாதம் வேறு அறையில் வையுங்கள். சந்தையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூண்டுகளில் மேல்கூண்டின் எச்சம் கீழ்க்கூண்டின் தண்ணீரில் விழும். அங்கே எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

6. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாங்கிய தேதி, ரசீது, கால்வளைய எண், குஞ்சு பொரித்த நாள், கால்நடை மருத்துவரிடம் காட்டிய விவரம், கடைசியாக எந்தப் பறவை எப்போது உள்ளே வந்தது என்று குறித்துவையுங்கள். அறையையும் வலையையும் தேதி தெரியப் படமெடுத்து வையுங்கள். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்று பின்னால் காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சான்று இதுதான்.

கொல்லையில் கோழி வைத்திருப்பவர்கள் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம். தமிழ்நாட்டில் கால்நடைத் துறை ஆண்டுதோறும் முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. ஆனால் அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. இரண்டும் வேறு வேறு வைரஸ்கள். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மாடிப் புறாக் கூண்டு வைத்திருப்பவர்களின் நிலைதான் சிரமம். எச்5என்1 புறாக்களை எளிதில் பிடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் தினமும் பறந்துவிட்டுத் திரும்பும் புறா எங்கே இறங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. காலிலும் இறகிலும் எதையும் சுமந்து வரலாம். மாவட்டத்தில் நோய்ச் செய்தி வந்த அன்றைக்கே பறக்கவிடுவதை நிறுத்துங்கள். பந்தயப் பயிற்சி சில வாரம் கெடும், அது பரவாயில்லை. புறாக்களுக்குக் கழுத்து திருகினால் ராணிகேத் வைரஸின் புறா வகையாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் தீர்மானிக்காதீர்கள்.

பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால்

இங்கே உங்கள் பறவைக்கு உடனடி ஆபத்து இல்லை. கூண்டு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வாங்காதீர்கள், விற்காதீர்கள், ஜோடி சேர்க்க இரவல் கொடுக்காதீர்கள், சக வளர்ப்பாளர்களின் கூண்டுகளைப் பார்க்கப் போகாதீர்கள். கணக்கெடுக்க வருபவர்களிடம் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லுங்கள். பறவை சோர்ந்தாலோ இறந்தாலோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால்

இங்கே உறுதியான பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது. ஆட்சியர் உத்தரவில் "எல்லா வளர்ப்புப் பறவைகளும்" என்று இருந்தால், வாசலில் வந்து நிற்கும் கால்நடை மருத்துவர் தன் விருப்பப்படி அதை மாற்ற முடியாது. அவரோடு சண்டை போடுவதால் நேரம்தான் போகும். குழு வருமுன் இருக்கும் சில மணி நேரத்தில் செய்யக்கூடியவை இவை.

1. உத்தரவின் வாசகத்தைப் பாருங்கள். கோழியினம் மட்டுமா, எல்லாப் பறவைகளுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2. கால்நடைத் துறையின் மாவட்ட அலுவலருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனுக் கொடுங்கள். "கொல்லாதீர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். பறவைகள் வீட்டுக்குள் மட்டும் இருப்பவை, இத்தனை நாளாகப் புதுப் பறவை எதுவும் சேரவில்லை, கோழியோடு தொடர்பில்லை, அறையை முத்திரையிட்டு 14 நாள் இடைவெளியில் இருமுறை சோதிக்கச் சம்மதிக்கிறேன் என்று எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தின் நகலை இணையுங்கள். அதிகாரி ஏற்பதற்கு ஒரு மாற்றுவழி அவர் கையில் இருக்க வேண்டும்.

3. கிருமிநாசினி தெளிக்க வருபவர்களிடம் உள்ளே பறவை இருப்பதைச் சொல்லுங்கள். பறவைகளின் நுரையீரல் மிக மென்மையானது. பிளீச்சிங் நெடியே சிறு பறவைகளைப் பாதித்துவிடும். நீங்களே தரை கழுவும்போதும் கூண்டை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, முதலில் அழுக்கையும் எச்சத்தையும் சோப்பு நீரால் நீக்கி, அதன் பிறகே பிளீச்சிங் கரைசல் போடுங்கள். எச்சத்தின்மேல் அப்படியே ஊற்றினால் அது வேலை செய்யாது.

4. மனு ஏற்கப்படாவிட்டால், எத்தனை பறவை, என்ன இனம், என்ன வயது என்று எழுதிய ரசீதை வாங்குங்கள். இழப்பீட்டை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. 2021இல் கேரளம் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாயும் அறிவித்தது. கோழிக்கும் வாத்துக்கும் போட்ட கணக்கு அது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியின் விலைக்கோ, பத்து வருடம் கூடவே இருந்த உயிருக்கோ அதில் இடமில்லை.

வெளியே திரிந்த கோழியையும் வாத்தையும் பயத்தில் படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஏராளமான வாத்துகளோடு வாழ்ந்த ஒருவருக்குத் தென்மேற்கு இங்கிலாந்தில் எச்5 வகைக் காய்ச்சல் தொற்றியதை 2022 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. மனிதருக்குத் தொற்றுவது அரிது, ஆனால் தொற்றினால் கடுமையாகலாம். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். தொட்ட பத்து நாளுக்குள் காய்ச்சலோ கண்சிவப்போ வந்தால், பறவை இறந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

பச்சைக்கிளி வைத்திருப்பவர்களின் இரட்டைப் பயம்

நம் வீடுகளில் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு சிக்கல் இது. பச்சைக்கிளி, மைனா, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் கணக்கெடுக்க வருபவரிடம் அவற்றைக் காட்ட மாட்டார்கள். கணக்கில் வராத கூண்டைச் சோதிக்கவும் முடியாது, அதற்காக மனுப் போடவும் முடியாது. நோய் இல்லாத காலத்திலேயே வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவதுதான் அந்தக் கிளிக்குப் பாதுகாப்பு. கூண்டில் வளர்ந்ததைத் திறந்து பறக்கவிட்டால் அது பிழைக்காது.

வெளிநாட்டு இனங்களுக்கு நிலை வேறு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) பட்டியலில் உள்ள சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜியும் காக்கடைலும் அந்தப் பட்டியலில் இல்லை. பதிவுச் சான்று இருந்தால், மனுவோடு வைக்க அதுவும் ஒரு காகிதம். எந்தப் பறவை எப்போது யாரிடம் வந்தது என்பதை அரசே ஒப்புக்கொண்ட காகிதம் அது.